163-வது ஆட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையருக்கும் வீரர்கள் சங்கத்துக்கும், குயின்ஸிலிருந்து ஒரு திறந்த மடல்

ஆணையர் அவர்களே, வீரர்கள் சங்க நிர்வாகிகளே,

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை. நியூயார்க் மெட்ஸ்: 83 வெற்றி, 79 தோல்வி. சின்சினாட்டி ரெட்ஸ்: 83 வெற்றி, 79 தோல்வி. மார்ச் மாதம் தொடங்கி 162 ஆட்டம் ஆடி முடித்த இரண்டு அணிகளுக்கு நடுவே ஓர் இம்மி வித்தியாசம் இல்லை. ஒன்றை, பட்டத்துக்கான இறுதிக் கட்டச் சுற்றுகளான பிளேஆஃபுக்கு அனுப்பினீர்கள். இன்னொன்றை வீட்டுக்கு அனுப்பினீர்கள். மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்கு உங்கள் அட்டவணையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்ட் சுற்று செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது.

அந்தக் காலித் திங்கட்கிழமையைப் பற்றித்தான் இந்த மடல். முன்பெல்லாம் இப்படிச் சமமாக முடித்த இரண்டு அணிகளைக் கூடுதலாக ஓர் ஆட்டம் மோதவிட்டு முடிவு செய்தீர்கள், அதுதான் 163-வது ஆட்டம். இப்போது சீசனில் அந்த இரண்டும் ஏற்கெனவே மோதிய கணக்கைப் பார்த்தே முடித்துவிடுகிறீர்கள்.

தமிழில் எழுதுவதற்குத் தனியாக மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. உங்கள் அலுவலகம் மன்ஹாட்டனில் இருக்கிறது. படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றால் ஏழாம் நம்பர் ரயிலில் ஏறி ஃப்ளஷிங் வந்து, பவுன் தெருப் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்பவர்களில் யாரைக் கேட்டாலும் போதும். மைதானத்துக்கும் அதே ரயில்தான்.

முதலில் எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களே சொல்வீர்கள். ஜூன் 12 அன்று மெட்ஸ் 45-24, அதாவது 45 வெற்றி, 24 தோல்வி. லீக் முழுவதிலும் அதைவிட நல்ல கணக்கு வைத்திருந்த அணி கிடையாது. அதன் பிறகு 38-55. ஹுவான் சோட்டோ என்ற ஒரே வீரருக்கு 15 வருடத்துக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்த அணி, கோடை முழுக்க ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. சமநிலை விதியும் முன்கூட்டியே எழுதி வைத்ததுதான், அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை ரெட்ஸும் மில்வாக்கியில் 4-2 என்று தோற்றது. சறுக்கியது இருவரும்தான். சம அளவில் சறுக்கியவர்களில் ஒருவருக்கு மட்டும் எழுந்து நிற்க வாய்ப்புக் கொடுத்தீர்கள்.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். மயாமியில் மார்லின்ஸை மெட்ஸ் 5-0 என்று ஜெயித்தது. பந்து வீசும் எங்கள் பிட்சர் கிளே ஹோம்ஸ் ஆறு இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோற்றபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை ராத்திரி ரெட்ஸ் மில்வாக்கியில் தோற்றதும் இரண்டு அணிகளும் 83-78 என்று ஒரே வரியில் வந்து நின்றன. என் மகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள். அவளுக்குப் பதினோரு வயது. ஆட்டம் நடக்கும்போது பென்சிலும் ஸ்கோர் அட்டையுமாக உட்கார்ந்துவிடுவாள். டிவியில் எல்லாம் வரத்தான் செய்கிறது என்றாலும் அவள் கையால் எழுதினால்தான் நடந்ததாகக் கணக்கு.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டோம். பட்டியலில் சமம் என்று போட்டிருந்ததே தவிர, அது சமமே இல்லை. ஏற்கெனவே மோதிய கணக்கில் ரெட்ஸின் கைதான் ஓங்கியிருந்தது. மெட்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கவும் வேண்டும், ரெட்ஸ் தோற்கவும் வேண்டும். ரெட்ஸுக்கு அப்படியில்லை. மெட்ஸ் தோற்றாலே போதும், அவர்கள் என்ன செய்தாலும் உள்ளே போய்விடலாம். ஒரே எண்ணிக்கையில் வெற்றி, ஒரே எண்ணிக்கையில் தோல்வி, ஆனால் ஒருவன் தோளில் மட்டும் இரட்டைச் சுமை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான்காவது இன்னிங்ஸில் மார்லின்ஸ் நான்கு ரன் எடுத்தது. ஐந்தாவதில் எங்களுக்கு மூன்று பேஸிலும் ஆள். பீட் அலோன்சோ அடித்த பந்து மணிக்கு 115 மைலுக்கும் மேலான வேகத்தில் பறந்தது. மகள் அட்டையில் கோடு இழுக்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பந்து நேராக இடது பக்க ஃபீல்டரின் கையுறைக்குள் போய் விழுந்தது. ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து அழித்தாள். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. கடைசியில் எங்கள் லிண்டோர் அடித்தது டபுள் ப்ளே ஆகி, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆனதோடு சீசன் முடிந்தது. 4-0.

திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் முழு ஆட்டத்தையும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். வந்து இரண்டு மாதத்தில் பேஸ்பால் ஓரளவு பிடிபட்டுவிட்டது அவருக்கு. டிவியில் கடைசிப் பட்டியல் வந்ததும் கேட்டார்:

“மாப்பிள்ளை, ரெண்டு டீமுக்கும் எண்பத்து மூணுதானே போட்டிருக்கு?”

“ஆமா மாமா.”

“அப்போ நாளைக்கு ரெண்டு பேரும் மோதுவாங்களா?”

“இல்ல மாமா. ஏற்கெனவே ஆறு தடவை மோதிட்டாங்க. அதுல அவங்க நாலு, நாம ரெண்டு.”

“எப்போ?”

“மூணு ஜூலையில, மூணு செப்டம்பர் ஆரம்பத்துல.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ இன்னிக்கு எதுக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தோம்?”

ஆணையர் அவர்களே, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆறு ஆட்டங்களில் ஒன்றுக்கு நானும் மகளும் நேரில் போயிருந்தோம். ஜூலை 19, சனிக்கிழமை. நாங்கள் போனது ரெட்ஸைப் பார்க்க அல்ல. மெட்ஸின் பழைய வீரர் டேவிட் ரைட்டின் ஐந்தாம் நம்பரை இனி யாரும் அணியக் கூடாது என்று அதற்கு ஓய்வு கொடுத்த நாள் அது. மைதானம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், அறுபது வயதுக்காரர், ரைட் பேசும்போது தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் நடந்த ஆட்டத்தில் மெட்ஸ் தோற்றது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜூலையில் ஓர் ஆட்டம் போனால் என்ன, இன்னும் அறுபது சொச்சம் இருக்கிறதே என்றுதான் ஏழாம் நம்பர் ரயிலில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்களை வெளியே தள்ளிய நான்கு தோல்விகளில் அதுவும் ஒன்று என்பது செப்டம்பர் 28 ராத்திரி பழைய அட்டைகளை மகள் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைய அட்டையில் பாதிக்கு மேல் எழுதாமல் விட்டிருந்தாள். ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தோம்.

இப்போது 26 வருடம் பின்னால் போகிறேன், ஏனென்றால் இதே இரண்டு அணிகள், இதே சிக்கல்.

1999-இல் நான் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம். ஒய்2கே வேலை. தேதியில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய கோபால் (COBOL என்ற கணினி மொழி) நிரல்களைத் திறந்து நான்கு இலக்கமாக்குவதற்காக எங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஃப்ளஷிங்கில் ஒரே வீட்டின் மாடியில் நாலு பையன்கள். பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாது. யாரோ வீதியில் போட்டுவிட்டுப் போன டிவி ஒன்று இருந்தது, படம் பச்சையாகத் தெரியும்.

அக்டோபர் 3, ஞாயிறு. மெட்ஸ் பிட்ஸ்பர்கை 2-1 என்று ஜெயித்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மைக் பியாசா பேட்டோடு நிற்க, பிட்சர் வீசிய பந்து கேட்சருக்கு எட்டாமல் ஓடிப்போக, மெல்வின் மோரா மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்து ஜெயித்த ரன் அது. மூன்று நாள் முன்னால் வரை இரண்டு ஆட்டம் பின்தங்கிக் கிடந்த அணி. கீழ்வீட்டு அம்மாள், மெட்ஸ் பிறந்த நாளிலிருந்து மெட்ஸ் ரசிகை, எங்களைக் கீழே கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தட்டு மக்ரோனி கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, மில்வாக்கியில் மழை. ரெட்ஸ் அங்கே கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் காத்திருந்து ஆட்டத்தை ஆரம்பித்தது. ஜெயித்தும் விட்டது. இரண்டு அணிகளும் 96-66.

திங்கட்கிழமை ராத்திரி சின்சினாட்டியில் 163-வது ஆட்டம். எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் புரியவைத்தார்: இன்றைக்கு யார் தோற்கிறார்களோ அவர்களுக்கு நாளை கிடையாது. அது போதுமாக இருந்தது. எட்கார்டோ அல்ஃபோன்சோ முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் அடித்தார். ஆல் லைட்டர் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி இரண்டே இரண்டு ஹிட் கொடுத்தார். 5-0. நான் மெட்ஸ் ரசிகன் ஆனது அந்தத் திங்கட்கிழமை. இன்றுவரை அதற்காக வருத்தப்பட்ட நாட்களே அதிகம், அது வேறு கதை.

ரெட்ஸ் ரசிகர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். வலித்திருக்கும். ஆனால் தோற்றது எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். சொந்த மைதானத்தில், கண்ணெதிரே, ஒன்பது இன்னிங்ஸில். நாங்கள் இந்த வருடம் எங்கே தோற்றோம் என்று என் மகள் கேட்டால் எந்தத் தேதியைச் சொல்வது?

1946-இலிருந்து 2018 வரை இந்த விளையாட்டு சமநிலையை இப்படித்தான் தீர்த்தது. 1951-இல் பாபி தாம்ஸனின் ஹோம் ரன் வந்தது இப்படியொரு கூடுதல் ஆட்டத்தில். 1978-இல் ஃபென்வே பார்க்கில் பக்கி டென்ட் பாஸ்டனை அழவைத்தது இப்படியொரு திங்கட்கிழமை மதியத்தில். 2007-இல் கொலராடோ 13 இன்னிங்ஸ் ஆடி சான் டியாகோவை 9-8 என்று வென்றது, மாட் ஹாலிடே கடைசியில் ரன்னை முடிக்கும் ப்ளேட்டைத் தொட்டாரா இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். உங்கள் விளம்பரப் படங்களில் இந்தக் காட்சிகளை வைத்துத்தானே அக்டோபரை விற்கிறீர்கள்? கடையில் பழைய பலகாரத்தின் படத்தை மாட்டிவிட்டு அடுப்பை மட்டும் அணைத்துவிட்டீர்கள்.

அணைத்தது 2022 மார்ச் 10. 99 நாள் கதவடைப்பு முடிந்து உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பிளேஆஃப் பத்து அணியிலிருந்து பன்னிரண்டு அணியானது, 163-வது ஆட்டம் காணாமல் போனது. அதனால்தான் இந்த மடல் இரண்டு பேருக்கும். ஒரு கை மட்டும் தட்டியிருந்தால் ஓசை வந்திருக்காது.

புது விதி வந்த முதல் வருடமே அட்லாண்டா பிரேவ்ஸும் மெட்ஸும் 101-61 என்று முடித்தன. நூற்று ஒன்று. இரண்டு அணிகளும் அந்த வருடம் 19 தடவை மோதியிருந்தன. அட்லாண்டா 10, நியூயார்க் 9. அந்த ஒரே ஆட்ட வித்தியாசத்தில் அட்லாண்டா டிவிஷன் பட்டத்தோடு, அதாவது லீக்கில் தங்கள் பிரிவின் பட்டத்தோடு, முதல் சுற்று ஆடாமல் ஓய்வெடுத்துக்கொண்டது. மெட்ஸ் வைல்ட் கார்ட் சுற்றில் இறங்கி சான் டியாகோவிடம் தோற்றது. அட்லாண்டாவில் கடைசி மூன்றையும் விட்டது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை. இருந்தாலும் 101 வெற்றி பெற்ற இரண்டு அணிகள் ஒரு பட்டத்துக்காக நேருக்கு நேர் நிற்கும் காட்சியை வேண்டாம் என்று சொல்லும் விளையாட்டு வேறு ஏதாவது இருக்கிறதா?

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024-இல் இதே விதி எங்களுக்குச் சாதகமாக வேலை செய்தது. அப்போது நான் ஒரு மடலும் எழுதவில்லை.

அந்த வருடம் ஹெலீன் புயலால் அட்லாண்டாவில் இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போய், சீசன் முடிந்த மறுநாள், செப்டம்பர் 30 திங்கட்கிழமை, ஒரே நாளில் இரண்டையும் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் வரை மெட்ஸுக்கு ஒரு ரன் இல்லை. எட்டாவதில் ஆறு ரன். அதே இன்னிங்ஸில் அட்லாண்டா நான்கு எடுத்து 7-6 என்று முந்தியது. ஒன்பதாவதில் லிண்டோரின் ஹோம் ரன். 8-7. வேலை நேரத்தில் ஒரு காதில் ஒலிபரப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன் “அய்யோ” என்று கத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்க, ஊரில் ஒரு நல்ல செய்தி என்று சமாளித்தேன். இரண்டாவது ஆட்டத்தை அட்லாண்டா 3-0 என்று ஜெயித்தது. இரண்டு அணிகளும் 89-73 என்று கைகோத்துக்கொண்டு உள்ளே போயின. அரிசோனாவும் 89-73தான். ஞாயிற்றுக்கிழமையே தன் ஆட்டங்களை முடித்துவிட்டு, எங்களைப் போலவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்து, பழைய மோதல்களின் கணக்கில் வெளியே போனது. அந்த ராத்திரி நான் அரிசோனாவைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. தன் தலையில் விழும்வரை இடி என்பது வெறும் சத்தம்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 163-வது ஆட்டத்துக்கு நாள்காட்டியில் இடமில்லை, பிட்சர்களின் தோள் தாங்காது, பயணம் கடினம் என்பதுதானே எப்போதும் கேட்கும் வாதம்? அன்றைக்கு ஒன்றல்ல, இரண்டு ஆட்டம் ஆடவைத்தீர்கள். மறுநாளே மெட்ஸ் மில்வாக்கியில் வைல்ட் கார்ட் சுற்றின் முதல் ஆட்டத்தை ஆடியது. 8-4 என்று ஜெயித்தது. அந்தத் தொடரையும் அடுத்த தொடரையும் வென்று லீக் இறுதித் தொடர்வரை போனது. அட்லாண்டா சான் டியாகோ போய் இரண்டிலும் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், களைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என நான் வாதாட வரவில்லை. களைத்துப்போய்த் தோற்பதா, ஆடாமலே தோற்பதா என்று வெளியேறிய அணியின் வீரர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வருடம் நீங்கள் கைநழுவவிட்டது எங்கள் ஆட்டத்தை மட்டுமல்ல. டொராண்டோவும் யாங்கீஸும் 94-68. டிவிஷன் பட்டம் டொராண்டோவுக்கு, பழைய மோதல் கணக்கில். டெட்ராய்டும் ஹூஸ்டனும் 87-75. டெட்ராய்ட் உள்ளே, ஹூஸ்டன் வெளியே, அதே கணக்கில். ஒரே திங்கட்கிழமையில் மூன்று ஆட்டம் நடந்திருக்கலாம். நான் வியாபாரி இல்லை, ஆனாலும் இதை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரம் எனக்குப் புரியவில்லை.

கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் இல்லையா, அதைப் பொறுத்துக்கொள்கிறீர்களே என்று என் மனைவியே கேட்டாள். லீக் சுற்றில் பொறுத்துக்கொள்கிறோம்தான், அங்கே மொத்தம் பத்துப் பதினான்கு ஆட்டம். ஆனால் 2019 உலகக் கோப்பை இறுதியில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமும் சமம், சூப்பர் ஓவரும் சமம் என்றானபோது பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். சென்னையில் டீக்கடை வரைக்கும் நியூசிலாந்துக்காக வருத்தப்பட்டார்கள். மூன்றே மாதத்தில் ஐசிசி அந்த விதியைத் தூக்கிவிட்டது. தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்.

இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் 163-வது ஆட்டத்தை மேசைக்குக் கொண்டுவாருங்கள். எல்லாச் சமநிலைக்கும் வேண்டாம். மூன்றாம் இடமா நான்காம் இடமா என்பதைக் காகிதத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஓர் அணி உள்ளே, ஓர் அணி வெளியே என்றாலோ, டிவிஷன் பட்டம் யாருக்கு என்றாலோ மட்டும் ஆட்டம் நடக்கட்டும். சீசனுக்கும் வைல்ட் கார்ட் சுற்றுக்கும் நடுவே இருக்கும் திங்கட்கிழமையை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மூன்று அணிகள் சமமானால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிடுங்கள், அரிசோனாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது.

பழைய மோதல் கணக்கைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. ஆட்டம் எந்த ஊரில் என்பதை அது முடிவு செய்யட்டும். 2008 வரை அதற்கு நாணயம் சுண்டினீர்கள். அந்த வருடம் நேருக்கு நேர் மோதலில் 10-8 என்று முன்னிலையில் இருந்த மின்னசோட்டா, நாணயம் தப்பாக விழுந்ததால் சிகாகோவுக்குப் போய் 1-0 என்று தோற்றது. அடுத்த வருடமே அதை மாற்றி, மோதல் கணக்குக்கு அந்த மரியாதையைக் கொடுத்தீர்கள். அதே மரியாதை போதும். இந்த செப்டம்பரிலும் ரெட்ஸ் சொந்த ஊரில் ஆடியிருக்கும். நாங்கள் 1999-இல் போனது போலப் போயிருப்போம்.

வீரர்கள் சங்கத்துக்குத் தனியாக ஒன்று: உங்கள் உறுப்பினர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வாக்கெடுப்பு நடத்தி முடிவை வெளியிடுங்கள். 2022-இல் இதை விட்டுக்கொடுத்தபோது பதிலுக்கு என்ன பெற்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

முடியாது என்பதுதான் உங்கள் பதில் என்றால், அதைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். புதிய ஒப்பந்தம் வரும்வரை, செப்டம்பர் ஒன்று முதல் நீங்கள் வெளியிடும் பட்டியல்களில் சமமில்லாத அணிகளைச் சமம் என்று போடாதீர்கள். சமநிலையை முறிக்கும் சாதகம், அந்த டைபிரேக்கர், யார் கையில் என்பதை அந்த வரியிலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரி நாற்காலியில் ஏறிக் கத்துவதற்கு முன்னால் பார்த்துக்கொள்கிறோம்.

குயின்ஸிலிருந்து,
1999 அக்டோபர் 4 முதல் ஒரு மெட்ஸ் ரசிகன்